டி.வி.ஆர் பெட்டியும் சாட்சி சொல்லும்!

சின்னசேலம் அருகே கனியாமூர். 2022 ஜூலை 13 அன்று, அங்குள்ள தனியார் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்த ப்ளஸ் டூ மாணவி, பள்ளி வளாகத்தில் இறந்துகிடந்தார். ஜூலை 17-ல் போராட்டம் கலவரமானது. பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. அதற்குள் வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பை எழுதி முடித்திருந்தார்கள்.

வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்குப் போனது. அவர்களுக்குத் தேவைப்பட்டதோ வேறு. பள்ளியின் சிசிடிவி பதிவுகள், மாணவி பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட செல்போன். உயர் நீதிமன்றம் வரை பேசப்பட்ட பிறகு, 2023 ஜனவரியில்தான் அந்த போன் விசாரணைக்குக் கிடைத்தது. பெற்றவர்களுக்குப் பிள்ளையின் போன் என்பது நினைவு. போலீஸுக்கு அது ஆவணம். இந்த இழுபறி எந்த வீட்டிலும் வரலாம்.

போன், கேமரா மட்டுமல்ல, தண்ணீர் மீட்டர்கூட சாட்சிதான். 2015 நவம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒருவர் வீட்டு வெந்நீர்த் தொட்டியில் நண்பர் இறந்துகிடந்தார். அன்று நள்ளிரவு 1 மணியிலிருந்து 3 மணிக்குள் 140 கேலன், அதாவது சுமார் 530 லிட்டர் தண்ணீர் செலவானதாக ஸ்மார்ட் மீட்டர் காட்டியது. ரத்தத்தைக் கழுவிவிட்டதாகப் போலீஸ் சந்தேகித்தது. அந்த வீட்டிலிருந்த அமேசான் எக்கோ ஸ்பீக்கரின் பதிவுகளையும் கேட்டது. மீட்டரின் கடிகாரமே தப்பு, அது பகலில் தொட்டியை நிரப்பிய கணக்கு என்றது எதிர்த்தரப்பு. 2017-ல் வழக்கு கைவிடப்பட்டது.

கடிகாரம்! நம் வீட்டு டி.வி.ஆரில் நேரம் சரியாக ஓடுகிறதா என்று எத்தனை பேர் பார்த்திருப்போம்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும், நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் 'ஹேஷ்' எண்ணும் அதில் இருக்கும். வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். செல்போனால் மானிட்டரைப் படம்பிடித்து குரூப்பில் போடும் கிளிப், பரபரப்புக்குத்தான் உதவும்.

திருட்டோ, அதைவிட மோசமானதோ நடந்தால் நாள் கடத்த வேண்டாம். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பல வீடுகளில் சில வாரங்கள்தான் கெடு. எதையும் அழிக்காமல், ஃபார்மேட் செய்யாமல் போலீஸிடம் சொல்லுங்கள். டி.வி.ஆர் நேரம் தவறாக இருந்தால் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். செல்போன் நேரத்துக்கும் அதற்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விசாரிக்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.