மனநிறைவை யாருக்குப் போதிக்கிறோம்?

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் டி. கல்லுப்பட்டியைக் கடந்து போவோர் பலர். அவ்வூரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில், எளிய குடிலொன்றில், கிறிஸ்தவர் ஒருவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார் என்பதை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. அவர் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். பிரிந்த சகோதரரிடமும் ஆவியானவரின் கொடைகளைக் கண்டு மகிழுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆதலால் அவரிடமிருந்து கற்க நாம் நாணவேண்டியதில்லை. கற்காமல் விட்டதற்கே நாணவேண்டும்.

ஏனெனில், 'ஆசீர்வாதம்' என்ற சொல் நம் இல்லங்களில் பொருள் மாறிவிட்டது. புது வீடு மந்திரிக்க அழைக்கிறார்கள், செல்கிறோம். வாகனம் மந்திரிக்கக் கொண்டு வருகிறார்கள், தீர்த்தம் தெளிக்கிறோம். மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததென்று நன்றித் திருப்பலி கேட்கிறார்கள், மகிழ்வோடு ஒப்புக்கொடுக்கிறோம். இவற்றுள் எதுவும் குற்றமன்று. ஆனால் இத்தனை ஆண்டுப் பங்குப் பணியில், "பாகப் பிரிவினையில் பகைத்துக்கொண்ட தம்பியை மன்னிக்கும் மனத்தை ஆண்டவர் தந்தார்; அதற்கு நன்றியாக ஒரு பூசை வையுங்கள்" என்று கேட்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. உறுதிபூசுதல் நாளில் பிள்ளைகள்மேல் தூய ஆவியாரின் ஏழு கொடைகளும் பொழியப்படுகின்றன. அன்று மாலை வீட்டில் எண்ணிப் பார்க்கப்படுவதோ உறவினர் கொடுத்த பரிசுப் பொருள்களே!

வாகனங்களின் பின்கண்ணாடியிலும் நாள்காட்டிகளிலும் பிலிப்பியர் 4:13 அச்சிடப்பட்டிருக்கக் காண்கிறோம். தமக்கு வலுவூட்டுகிறவரின் துணையால் எதையும் செய்ய இயலும் என்று திருத்தூதர் சொன்ன இடம் அது. வணிகத்தில் வெல்லவும், போட்டியில் முந்தவும், அடுத்த வாகனத்தை வாங்கவும் அருளப்பட்ட மந்திரமாகவே அதைக் கொள்கிறோம். அதற்கு முந்திய இரு வசனங்களை யார் அச்சிடுகிறார்? வயிறு நிறைந்தாலும் பட்டினி கிடந்தாலும், நிறைவிலும் குறைவிலும், வாழக் கற்றுக்கொண்டேன் என்பதன்றோ அங்கே பவுலடியார் கூறுவது? அதை எழுதிய கைகள் சிறையில் விலங்கிடப்பட்டிருந்தன. பட்டினியைத் தாங்க அருளப்பட்ட ஆற்றலைப் பகட்டுக்கு விளம்பரமாக்கியவர்கள் நாம்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டவருக்காகத் துறந்தவர் நூறு மடங்கு பெறுவார் என்னும் வாக்குறுதியை மேடைதோறும் முழக்குகிறார்கள். மாற்கு 10:30ஐ முழுமையாகப் படியுங்கள். வீடுகளும் நிலபுலன்களும் அங்கே உண்டு. அவற்றோடு இன்னல்களும் உண்டு. அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டுத்தான் செழிப்பின் நற்செய்தி அறிவிக்கப்படுகிறது. இறைப்பற்றை ஆதாயம் தரும் தொழிலாக எண்ணுவோரை 1 திமொத்தேயு 6:5 கண்டிக்கிறது. அடுத்த வசனமே மனநிறைவைப் பேசுகிறது. முதலாவது நோய், இரண்டாவது மருந்து.

பிறரை மட்டும் குற்றம் சாட்டித் தப்பிக்க நாம் விரும்பவில்லை. மனநிறைவைப் போதிக்கும் நாமும் அதைத் தவறான முகவரிக்கு அனுப்பியிருக்கிறோம். ஒரு ஞாயிறன்று, காட்டுப் பூக்களைக் கவனியுங்கள் என்ற ஆண்டவரின் அழைப்பைப் பற்றி உருக்கமாக மறையுரை ஆற்றினோம். பூசை முடிந்ததும் பருத்தி எடுக்கும் கூலிக்காரத் தாய் ஒருவர் கோவில் வாசலில் காத்திருந்தார். "சாமி, காட்டுப் பூவுக்குக் கூலி பாக்கி கெடையாது. எனக்கு மூணு வாரக் கூலி வரணும். குடுக்க வேண்டியவரு முன்வரிசையில உக்காந்து நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டிருந்தாரு. அவருக்கும் சேத்து ஒரு பிரசங்கம் வைங்க சாமி" என்றார். குருமடத்தில் பயின்ற இறையியல் முழுவதிலும் அதற்கொரு மறுமொழியைத் தேடினோம், கிடைக்கவில்லை. அத்தாய் கூறியதே இறையியல் என்று பின்னரே உணர்ந்தோம்.

பவுலடியார் மனநிறைவைக் குறிக்க ஆளும் கிரேக்கச் சொல் 'அவுத்தார்க்கேயா'. தன்னிறைவு, தற்சார்பு என்பதே அதன் நேர்பொருள். எதற்கும் கலங்காத நெஞ்சுறுதியைக் குறிக்க அக்கால ஞானிகள் அதை வழங்கினர். பவுலடியாரோ அந்த உறுதியைத் தம்மிடமிருந்தன்றி, தமக்கு வலுவூட்டுகிற ஆண்டவரிடமிருந்து பெற்றார். எனவே கிறிஸ்தவ மனநிறைவு, இல்லாமையைச் சகித்துக்கொள்ளும் சோம்பலன்று; பொருளுக்கு அடிமையாகாத விடுதலை. அடிமையாகும் வாய்ப்பு யாரிடம் மிகுதியோ, அவரிடமன்றோ அதை முதலில் கேட்கவேண்டும்?

இந்த விடுதலையை வாழ்ந்து காட்டியவர் குமரப்பா. 1892 சனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, மும்பையில் தணிக்கையாளராய்ச் செழித்தவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, இந்தியரின் வறுமைக்கும் அரசின் நிதிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆய்வே 1929இல் அவரைக் காந்தியடிகளிடம் சேர்த்தது. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1921 செப்டம்பர் 22 அன்று, நம் மதுரையில்தான் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியிருந்தார். குமரப்பாவும் மேனாட்டு உடையைக் களைந்து கதர் அணிந்தார். 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டி வளர்த்தார். கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு எண்ணெய், பனைவெல்லம், கைக்காகிதம் ஆகியவை அவருக்குப் பழமைப் பற்றின் சின்னங்கள் அல்ல. ஆலையில் தீட்டிய அரிசியை உண்பவர் சத்தை இழக்கிறார். நெல் குத்திய பெண்ணோ கூலியை இழக்கிறாள். இதுவே அவர் போட்ட கணக்கு.

இயேசுவின் வாழ்வையும் போதனையையும் குறித்த நூலையும், நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலையும் அவர் சிறையில் இருந்துதான் எழுதினார். இரண்டும் 1945இல் வெளிவந்தன. பிறர் உழைப்பில் வாழும் ஒட்டுண்ணி வாழ்விலிருந்து, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் தொண்டு வாழ்வு வரை, பொருளாதாரத்தை அவர் ஐந்து படிகளாகக் கண்டார். வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பதைவிட, சிக்கலானது, எளியது என்று பிரிப்பதே சரி என்று வாதிட்டார். கல்லுப்பட்டிக் குடிலில் காந்தியடிகளின் படத்தோடு ஏழைக் குடியானவர் ஒருவரின் படத்தையும் வைத்திருந்தார் என்றும், இவரே தம் தலைவருக்குத் தலைவர் என்று வந்தோரிடம் காட்டுவார் என்றும் சொல்வர். 1960 சனவரி 30 அன்று, காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, அவர் இறையடி சேர்ந்தார்.

"அப்படியானால் நாங்கள் முன்னேறவே கூடாதா சாமி?" என்று சிலர் கேட்பது நம் செவியில் விழுகிறது. தாழ்த்தப்பட்ட ஒரு குடும்பத்தில் முதல் பட்டதாரி உருவாவதும், ஓட்டைக் குடிசை ஓட்டு வீடாவதும் இறைவனுக்கு உகந்தவையே. மேன்மையாக வாழ விரும்புவது தவறன்று. இருத்தலைவிட உடைமையை நாடும் வாழ்வையே மேன்மை என்று கருதுவதுதான் தவறு என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தெளிவாக்கினார். உடைமைதான் இறையருளின் அளவுகோல் என்றால், அந்தப் பருத்திக்காட்டுத் தாயை இறைவன் கைவிட்டுவிட்டார் என்றல்லவா பொருள்? மாட்டுத் தொழுவத்தில் பிறந்து சிலுவையில் ஆடையின்றித் தொங்கியவரை அந்த அளவுகோல் எங்கே நிறுத்தும்?

ஆகவே நாம் ஒரு முடிவு செய்திருக்கிறோம். இனி வீடு மந்திரிக்க அழைப்போரிடம் தீர்த்தச் செம்பை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்போம்: "கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி பாக்கி தீர்ந்ததா?" கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறது. அந்தக் கூக்குரல் சுவருக்குள் ஒலிக்கையில், வெளியே தெளிக்கும் தீர்த்தம் எதை மந்திரிக்கும்? இக்கேள்வியால் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். முன்வரிசையில் இருப்போருக்குச் சொல்ல வேண்டியதைப் பின்வரிசையில் இருப்போருக்கே சொல்லிக்கொண்டிருந்த காலம் போதும்.