பெட்டி கட்டும் முன்னே

போன ஓணம் விடுமுறையில் என் மகன் ஒரு யோசனையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குப் பெங்களூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. 2020-இல் கொரோனா வந்தபோது மனைவி மக்களோடு பாறசாலைக்கு வந்தவன், வேலையையும் மடிக்கணினியில் சுமந்துகொண்டு வந்துவிட்டான். அதன்பின் அலுவலகத்தார் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. மாடி அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கரண்டு போனால் தாங்குவதற்கு ஒரு பேட்டரி. அவ்வளவுதான் அவன் ஆபீஸ்.

"எங்க இருந்து வேண்ணாலும் வேலை பாக்கலாம்னு ஆயாச்சு. பிள்ளைகளையும் கூட்டிட்டு ஒரு வருஷம் மலேசியா, பிறகு தாய்லாந்து, அதுக்குப் பிறகு ஐரோப்பான்னு போலாம்னு பாக்கேன். நீங்க என்ன சொல்லுதீங்க அப்பா?"

இப்படிப் போகிறவர்களுக்கு 'டிஜிட்டல் நாடோடி' என்று பெயராம். நாடோடி என்றால் நம் பக்கத்தில் வீட்டு முற்றத்துக்குள் விடமாட்டார்கள். இன்றைக்கு அந்தப் பெயரில் விசாவே கொடுக்கிறார்கள்! எஸ்டோனியா 2020-இல் தொடங்கியது. மலேசியா 2022-இல் 'டி ரந்தாவ்' என்று ஓர் அனுமதி கொண்டுவந்தது. கணினித் துறையில் ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேல் வருமானம் இருந்தால் ஒரு வருடம் வரை குடும்பத்தோடு தங்கலாம், மேலும் ஒரு வருடம் நீட்டிக்கலாம். தாய்லாந்து 2024-இல் ஐந்து வருட விசா ஒன்றை அறிவித்தது. ஒரு தடவை போனால் 180 நாள் இருக்கலாம். கோவளத்திலும் வர்க்கலையிலும் மடிக்கணினியோடு மாதக்கணக்கில் தங்கும் வெள்ளைக்காரர்களைப் பார்த்திருக்கிறோம். இப்போது நம் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போகத் தயாராகிறார்கள்.

மகன் ஒரு நோட்டில் எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தான். வாடகை, இன்டர்நெட் வேகம், ஆஸ்பத்திரிக் காப்பீடு, வருமான வரி, சர்வதேசப் பள்ளியின் கட்டணம். என் மகனைக் குறை சொல்லக் கூடாது, கவனமானவன். ஆனால் அந்த நோட்டில் ஒரு வரியை மட்டும் காணவில்லை. பிள்ளைகள் எந்த மொழியில் எழுதப் படிக்கப் போகிறார்கள்? பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஆறு.

இதை நான் கேட்டதும் அவன் சிரித்தான். "வீட்டுல தமிழ்தானே பேசுறோம் அப்பா, அது எங்க போகும்?"

எங்கே போகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் பெட்டி கட்டாமலே இடம் மாறியவர்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் சேர்ந்தது. நேசமணி முதலான தலைவர்களின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டவற்றில் நெய்யாற்றின்கரையும், தேவிகுளம், பீர்மேடு, சித்தூரும் உண்டு. அவை கேரளத்திலேயே நின்றுவிட்டன. இந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்களும் உண்டு. களியக்காவிளை அந்தப் பக்கம், இஞ்சிவிளையும் பாறசாலையும் இந்தப் பக்கம். என் அத்தையைக் கட்டிக் கொடுத்த வீடு நடந்து போகும் தூரத்தில்தான், ஆனால் வேறு மாநிலம்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு எதுவும் மாறவில்லை. அதே விளை, அதே கிணறு, அதே தமிழ். நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில்தான் படித்தேன். பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது; முப்பது வருடம் மலையாளத்தில் கோப்பு எழுதினேன். மலையாளம் எனக்குச் சோறு போட்ட மொழி, அதன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் ஆரம்பத்தில் பட்ட பாடு இருக்கிறதே! கூட வேலை பார்த்தவர்கள் அரைமணியில் முடிக்கும் குறிப்புக்கு எனக்கு ஒரு பொழுது ஆகும். என் பிள்ளை இந்தப் பாடு படக்கூடாது என்று நினைத்தேன். அவனை ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தேன், இரண்டாம் மொழி மலையாளம். தமிழ்ப் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. "வீட்டில்தான் பேசுகிறானே, தமிழ் எங்கே போகும்" என்று அன்று சொன்னவன் நான்தான்.

2018-இல் என் மனைவி காலமானாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் இருபது வருடமாக ஒரு நோட்டில் எல்லாம் எழுதி வைப்பாள். சீட்டுப் பணம், பால் கணக்கு, மகனுக்குக் குழந்தையில் வந்த நோவுக்குக் கொடுத்த மருந்து, இடையிடையே மனசில் பட்டது. பதினாறாம் நாள் கழிந்து அலமாரியை ஒதுக்கும்போது மகன் அந்த நோட்டை எடுத்தான். புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "அம்மை இதுல என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டான்.

நான் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் வாசிக்க என்னால் முடியவில்லை. மீதி இன்னும் அலமாரியில் இருக்கிறது.

சட்டம் சரியில்லை என்று பழி போட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1956-இல் செய்த திருத்தத்தின்படி அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியில் தாய்மொழியில் கற்க வசதி செய்யவேண்டும் என்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழருக்கும் கன்னடருக்கும் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதிக் கேட்க இடம் உண்டு. 2017 முதல் இங்கே எல்லாப் பள்ளியிலும் மலையாளம் கட்டாயம். ஆனால் மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியைக் கற்பதற்கு அது தடை இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 2006-இல் தமிழ்நாடு தமிழைக் கட்டாயமாக்கியபோது, குமரி மாவட்டத்து மலையாளப் பள்ளிக்கூடங்களில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எவ்வளவு கலங்கியிருப்பார்கள் என்பதை எங்களைப்போல் யார் அறிவார்? மொழிச் சிறுபான்மையினரின் அந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. உரிமை இருந்தது, பள்ளிக்கூடமும் இருந்தது. பிள்ளையை அனுப்பாதவன் தகப்பன்.

ஆகவே மொழி போவதற்கு விமானம் ஏறத் தேவையில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே அது போகும். பேச்சு வீட்டில் நிற்கும், எழுத்தைப் பள்ளிக்கூடம் தீர்மானிக்கும். பிறகு எழுத்தில்லாத பேச்சு அடுத்த தலைமுறையில் மெலிந்து, "சாப்பாடு ரெடியா?" என்ற அளவில் நிற்கும். திருவனந்தபுரத்தில் குடியேறிய திருநெல்வேலி, மதுரைக் குடும்பங்களிலும் இதைப் பார்க்கிறேன். நம் சங்கத்து ஆண்டு விழாவில் தமிழில் பாடும் குழந்தைகளின் கையில் இருக்கும் தாளை எட்டிப் பாருங்கள். பாதிப்பேர் வைத்திருப்பது ஆங்கில எழுத்தில்.

இப்போது என் மகன் கேள்விக்கு வருகிறேன். போகட்டும் என்பதுதான் என் கருத்து. இதில் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நம் முன்னோர் தோட்டக் காட்டுக்கும் இரப்பர் பாலுக்கும் போனபோது யாரும் அவர்களிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் பினாங்கில் 1816-இலேயே தமிழ் வகுப்பு தொடங்கியது. இன்றைக்கு மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. கூலிக்குப் போனவர்கள் ஓரிடத்தில் வேர் விட்டதால் நிகழ்ந்தது அது. ஒரு லயத்தில் பத்துக் குடும்பம் இருந்தால் ஒரு கரும்பலகை வந்துவிடும். என் மகனின் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத இடம் அதுதான். ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே என்றால் கரும்பலகை எங்கே வரும்?

பேத்தியைப் பாருங்கள். பெங்களூரில் மழலைப் பள்ளி, அங்கே கொஞ்சம் கன்னடம் பேசினாள். இங்கே வந்து ஆங்கிலமும் மலையாளமும் எழுதுகிறாள், இந்தி தொடங்கியிருக்கிறாள். மலேசியா போனால் மலாய். அடுத்த வருடம் தாய் எழுத்து. சின்னப் பிள்ளைகள் பல மொழியைச் சுலபமாகப் பிடிப்பார்கள் என்பார்கள். பிடிப்பார்கள், அதே சுலபத்தில் விட்டும் விடுவார்கள். இந்தக் கன்னடம் இப்போது ஒரு வார்த்தை இல்லை. கூடப் படித்த சிநேகிதிகளின் பெயரும் மறந்துவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் வாடியதைப் பார்த்தேன்.

மகனிடம் நான் சொன்னது இரண்டு. ஒன்று, போகிற நாட்டில் இரண்டு வருடம் இருக்க அனுமதித்தால் இரண்டு வருடமும் இரு. சின்னவன் நான்காம் வகுப்பு முடிக்கும்வரை மூன்று பள்ளிக்கூடம் மாற்றாதே. இரண்டாவது, தினம் அரைமணி நேரம் தமிழ் எழுத்து, உன் கணினி வேலைபோலத் தவறாமல். அவன் சேர்க்க நினைக்கும் சர்வதேசப் பள்ளியில் தமிழ் கிடையாது. அதனால் தமிழ்நாடு அரசு 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம், மழலைக் கல்வியிலிருந்து பாடம் வைத்திருக்கிறது. இன்டர்நெட்டில் சம்பாதிக்கிற வீட்டில் இன்டர்நெட்டில் தமிழ் படிக்கச் சுணக்கம் என்ன?

"சொல்லிக் கொடுக்க எனக்கே தெரியாதே அப்பா" என்றான். மருமகள் தக்கலைக்காரி, நன்றாக எழுதுவாள். "நான் சொல்லிக் கொடுப்பேன் மாமா, ஆனா சாயங்காலம் சமையலுக்கு இவுங்க வரணும்" என்றாள். நியாயமான பேச்சு. அதில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

போன வாரம் பஸ் ஏறிக் களியக்காவிளைக்குப் போனேன். 2020-இல் அந்தச் சோதனைச் சாவடியில் வழி மறித்திருந்தபோது, அக்கரையில் அத்தை மகன் இறந்து, அடக்கத்துக்குப் போக முடியாமல் இங்கேயே நின்றவன் நான். இப்போது வழி திறந்து கிடக்கிறது. ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமும் இரட்டை வரி நோட்டு மூன்றும் வாங்கினேன். கடைக்காரர், "பேரப் பிள்ளைகளுக்கா?" என்று கேட்டார். இரண்டு அவர்களுக்கு, மூன்றாவது என் மகனுக்கு என்று சொல்லவில்லை.

சித்திரை மாதத்துக்குள் மலேசியாப் பள்ளிக்கு முன்பணம் கட்டவேண்டுமாம். இதைப் படிக்கிற உறவுக் குடும்பங்களில் யாராவது கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பிள்ளைகளோடு இருந்தால், அங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எங்கெங்கே நடக்கிறது என்பதை இந்த இதழுக்கு எழுதுங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதினால் நல்லது. மகனை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.