தாய்மைக்குக் குடிக்கூலியா?

வீட்டுக்கு வாடகை உண்டு. வண்டிக்கு வாடகை உண்டு. தாய்க்கு வாடகை உண்டா? உண்டு என்று சொல்லி ‘வாடகைத்தாய்’ என ஒரு சொல்லையும் படைத்து, செய்தித்தாள்களிலும் திரைப்படங்களிலும் கூச்சமின்றி வழங்கி வருகிறோம். சொல் பிழைபட்டால் நெறி பிழைபடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழர் தாய்மையைப் பல நிலைகளில் கண்டவர். ஈன்றாளை நற்றாய் என்றனர். பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என வளர்க்கும் தாயரை ஐவகையாக வகுத்தனர். பிறள் பெற்ற மகவுக்குப் பாலூட்டியவளையும் தாய் என்றே அழைத்த மொழி நம் மொழி. அதனினும் சிறப்பு, அகத்திணையில் செவிலிக்குக் கூற்று உண்டு என்பது. அவள் வாய்திறந்து பேசுவாள். உடன்போகிய மகளை எண்ணிப் புலம்புவாள். அப்புலம்பல் பாட்டாகி நிலைத்தது. பிறர் மகவைத் தன் வயிற்றில் பத்துத் திங்கள் சுமந்தவளுக்குக் கூற்றே இல்லாது போனது நம் காலத்தில்தான்!

அவளைப் பேசவைக்க வல்லது நாடகமேடை. மஞ்சுளா பதுமநாபன் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஆர்வெசுட்டு’ (அறுவடை) என்னும் நாடகம் 1997-இல் கிரேக்க நாட்டின் ஒனாசிசு பரிசைப் பெற்றது. வேலையிழந்த ஓம் என்பவன், கண்காணாத செல்வர் ஒருவருக்குத் தன் உடலுறுப்புகளை விற்க ஒப்புகிறான். அதற்கு ஈடாக உணவும் ஏந்துகளும் அவன் வீடு வந்து நிறைகின்றன. வீட்டினுள்ளே பொறி ஒன்று நிறுவப்பட்டு, அயலாரின் கண் அக்குடும்பத்தை ஓயாது காவல் செய்கிறது. இறுதியில் அச்செல்வர் நாடுவது அவன் மனைவி செயாவின் கருப்பையை. நேரில் வராமலே, கருவி விடுத்துத் தன் மகவை அவள் வயிற்றில் விதைக்க முனைகிறார். அவளோ, ‘வேண்டுமானால் நீயே நேரில் வா, வற்புறுத்தினால் உயிரை விடுவேன்’ என்று கதவடைத்து நிற்கிறாள். எல்லாம் விற்றுப்போன வீட்டில் விற்கப்படாமல் எஞ்சியது அவள் மறுப்பு ஒன்றே.

2017-இல் இங்கிலாந்தில் அரங்கேறிய சதிந்தர் சோகனின் ‘மேடு இன் இந்தியா’ இக்கொடுமையை நேர்ப்பொருளாகவே கொண்டது. இலண்டன் மாது ஒருத்தி, சிற்றூர்ப் பெண் ஒருத்தி, இருவரையும் இணைத்துப் பொருளீட்டும் மருத்துவர் ஒருத்தி என மூன்று பெண்களே அதன் மாந்தர்.

இவை வெறுங்கற்பனை என்று தள்ளிவிட இயலாது. 2008-இல் சப்பானிய இணையர்க்காகக் குசராத்தில் ஒரு மகவு பிறந்தது. பிறக்குமுன்பே அவ்விணையர் மணமுறிவு பெற்றனர். எந்நாட்டுக் குடியென்று அறியப்படாத அம்மகவின் வழக்கு உச்ச நயன்மன்றம் வரை சென்றது. 2012-இல் ஆத்திரேலிய இணையர் இங்குப் பிறந்த இரட்டையருள் பெண்மகவை மட்டும் கொண்டு சென்று, ஆண்மகவை விட்டுச் சென்றனர். 2015 ஏப்பிரலில் நேபாளத்தை நிலநடுக்கம் உலுக்கியபோது, அங்குப் பிறந்த மகவுகளை இசுரேல் வானூர்தி அனுப்பி மீட்டது. இந்தியாவிலிருந்து அங்குச் சென்று அவற்றைச் சுமந்தீன்ற ஏழைப் பெண்களோ நடுங்கும் மண்ணிலேயே நின்றனர். சரக்கு போயிற்று, கலம் கிடந்தது!

2015 நவம்பரில்தான் நடுவண் அரசு அயல்நாட்டார்க்குக் கதவடைத்தது. 2022 சனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், விலைக்குச் சுமத்தலையே குற்றமாக்கியது. சுமப்பவள் தனக்கென ஒரு மகவு உடையவளாக, 25 முதல் 35 அகவைக்குட்பட்டவளாக இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையே சுமக்கலாம். அவளுக்கு 36 திங்கள் காப்பீடு வேண்டும் என்கிறது அது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், மருத்துவர்க்குக் கட்டணம் உண்டு, மருத்துவமனைக்கு வருவாய் உண்டு, சுமப்பவள் ஒருத்தி மட்டும் அருளுக்காகச் சுமக்கவேண்டும் என்றால், அவ்வருள் தானாகச் சுரந்ததா, உறவினரின் நெருக்குதலால் பிழியப்பட்டதா என்று அறிபவர் யார்?

‘விரும்பித்தானே ஒப்புகிறாள்’ என்பர் சிலர். பட்டினி கைப்பிடித்து இடவைத்த கையெழுத்துக்கு விருப்பம் என்று பெயரிடுதல் அறமாகாது. மகப்பேறின்றி வாடும் இணையரின் துயரை நாம் எள்ளவில்லை. ஒருவர் துயரைத் தீர்க்க இன்னொருத்தியின் வறுமையை மூலப்பொருளாக்குவதையே எதிர்க்கிறோம்.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. 2022-இல் ஈரோட்டில் 16 அகவைச் சிறுமி ஒருத்தியின் அகவையைப் பொய்யாகக் காட்டி, அவள் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் ஒரு திரைப்பட இணையர் இவ்வழியில் மகப்பேறு பெற்றதை மருத்துவத்துறை உசாவியது. அவர்கள் சட்டத்தை மீறவில்லை என அறிக்கையும் வந்தது. திங்கள் முழுதும் ஊரெல்லாம் பேசியது அவ்விணையரைப் பற்றியே. சுமந்தவள் பெயரை மறைத்தது முறையே. ஆனால் அவள் நலத்தை வினவியவர் எத்துணைப் பேர்?

சென்னைத் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில், அரசின் மருத்துவப் பணிகள் இயக்ககம் நிற்கிறது. அதே சாலையில் காமராசர் அரங்கமும் நிற்கிறது. அங்குக் கோப்பு உறங்குகிறது. இங்கு மேடை சிரிப்பு விற்கிறது. ‘வேலைக்காரி’யால் பண்ணையாரை நடுங்கவைத்த மேடை, எம்.ஆர். இராதா ஏறிநின்று ஊரைத் தோலுரித்த மேடை, சுமந்த தாய்க்கு ஓர் உரையாடல் எழுத அஞ்சுவதேன்?

தமிழ் நாடக ஆசிரியர்களே! செவிலிக்குக் கூற்றுத் தந்த மரபு உங்களுடையது. சுமந்த தாயை மேடையேற்றுங்கள். அவள் வாயாலேயே அவள் வழக்கை உரைக்கச் செய்யுங்கள். தமிழன்பர்களே! ‘வாடகைத்தாய்’ என்னும் இழிசொல்லை இன்றே விடுங்கள். ‘சுமந்த தாய்’ என்று சொல்லுங்கள். குடிக்கூலி வீட்டுக்கு; தாய்க்கு அன்று.