யாழினியா, யாளினியா?

எடப்பாடியில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். வீட்டின் பின்கட்டில் நான்கு விசைத்தறிகள். அவை ஓடும்போது ஒருவரோடொருவர் பேசுவதென்றால் கத்தத்தான் வேண்டும். நண்பரின் தாயார் அந்த இரைச்சலுக்கு மேலே குரலை எழுப்பிப் பேத்தியைக் கூப்பிட்டார்:

"யாளினீ! சோறு திங்க வா, சாமி!"

நண்பர் எழுத்தில் மட்டுமல்ல, மூச்சிலும் தமிழ்ப்பற்று உள்ளவர். சட்டென்று எழுந்து போனார். "ஏம்மா, எத்தனை தடவை சொல்றது? யாளினி இல்லை. யா-ழி-னி! புள்ளை பேரை இப்படியா கெடுக்கறது?" என்றார். விருந்தாளி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைவுகூட இல்லை. அம்மாள் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் அங்கிருந்த மிச்ச நேரம் முழுவதும், அவர் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கவே இல்லை. "அம்மிணி" என்றார், "கண்ணு" என்றார். ஏன் என்று கேட்டேன்.

"நம்ம வாயில வராததை எதுக்குங்க சொல்லிக்கிட்டு?" என்றார்.

அன்று மாலை குழந்தையை அழைத்துவர நண்பரோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆங்கிலப் பள்ளிக்கூடம். வாசலில் ஆசிரியை கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "யாசினி!" என்று கூவினார். குழந்தை ஓடி வந்தது. என் நண்பர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "தேங்க்ஸ் மேடம்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "இங்கிலீஷிலே இசட் எச் போட்டிருக்குதில்ல, அப்படித்தான் படிப்பாங்க" என்றார் சமாதானமாக. பெற்ற தாய்க்குக் கிடைக்காத சமாதானம்!

என் சண்டை இதைப் பற்றித்தான். ழகரத்தைப் பற்றி அல்ல. ழகர விஷயத்தில் நானும் பிடிவாதக்காரன். நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ழகரம் பிறக்கும் என்று தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறார். நாக்கு அண்ணத்தில் அழுந்த ஒட்டிவிட்டால் அது ளகரம். மயிரிழை வித்தியாசம். அந்த மயிரிழையில் தவறுகிறவர்களை எண்ணப் புகுந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேரை எண்ண வேண்டும். தென்பாண்டிச் சீமையில் வாளப்பளம், சென்னையில் வாயப்பயம். நல்ல தமிழ் பேசுகிறவர்கள் என்று நாம் கொண்டாடும் யாழ்ப்பாணத்தார் பேச்சிலும் ழகரம் பெரும்பாலும் ளகரம்தான். யாழ் என்பதையே ஊர்ப்பெயரில் வைத்திருப்பவர்கள்!

எடப்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தை ஒட்டி இந்த ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிறார்கள். மலைமேல் பஞ்சாமிர்தம் செய்து படைக்கிறார்கள். கேட்டால் "பளனிக்குப் போறோமுங்க" என்பார்கள். ஆண்டவன் ஒரு வருஷமும் அவர்களைத் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை. அது போகட்டும், ஊரின் பெயரே என்ன? இடைப்பாடி என்றும் எழுதுகிறார்கள். இலை எலை ஆனது போல, இடம் எடம் ஆனது போல, மக்கள் வாயில் அது எடப்பாடி ஆயிற்று. என் நண்பர் தம் முகவரியில் எடப்பாடி என்றே போடுகிறார். இடையை எடையாக்கும் உரிமை அவருக்கு உண்டு; ழியை ளியாக்கும் உரிமை அவர் தாய்க்கு இல்லை!

"யாசினி" கதையோ வேறு. அது நாக்கின் தவறே அல்ல, கண்ணின் தவறு. ஆங்கிலத்தில் இந்த ஒலியும் இல்லை, இதற்கு எழுத்தும் இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் 'எல்' போட்டான். சோழன், கீழ்ப்பாக்கம், ஏன், தமிழ் என்ற சொல்கூட அப்படித்தான் அவன் ஏட்டில் ஏறின. எழும்பூரை என்ன செய்வதென்று தெரியாமல் எக்மோர் ஆக்கிவிட்டான். பிறகு 'இசட் எச்' வந்தது. ழகரம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது ழகரம். மற்றவர்களுக்கு வெறும் இசட். 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று தமிழக அரசின் ஆணை ஒன்று 2020 ஜூனில் வெளியானது. எழுத்துக்கூட்டலைக் கண்டு ஊரெல்லாம் சிரித்தது. அந்த மாதமே ஆணை வாபஸ் ஆயிற்று. அப்போது முதலமைச்சராக இருந்தவர் இந்த எடப்பாடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்தான். அரசாங்கத்தாலேயே முடியாததை நம் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில் இரண்டு ஆங்கில எழுத்துக்களா சாதித்துவிடும்? பெற்றவர்கள் வாய் திறந்து சொல்லத்தான் வேண்டும்.

அவர்கள் வாய் திறப்பதெல்லாம் வீட்டுக்குள்ளே மட்டும். ஆசிரியையிடம் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று கூச்சம். அம்மா என்ன நினைத்துக்கொண்டால் என்ன?

யாழ் என்ற வாத்தியத்தை நம்மில் யாரும் நம் வீட்டுக் கூடத்தில் கேட்டு வளரவில்லை. அது வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து ஆராய்ந்து 1947-ல் 'யாழ் நூல்' என்று ஒரு பெரும் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. இன்றைக்குத் தெருவுக்கு ஒரு யாழினி இருக்கிறாள். மெத்தச் சந்தோஷம். ஆனால் அந்தப் பெயரை ஒரு நாளைக்கு நூறு தடவை, அன்போடு, தறி இரைச்சலுக்கு மேலே கூவுவதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே ஜீவனை வாயடைத்துவிட்டார் என் நண்பர்.

குழந்தைக்கு இதில் குழப்பமே இல்லை. "உன் பேர் என்ன?" என்று கேட்டேன். "அப்பாயிக்கு யாளினி, அப்பாவுக்கு யாழினி, மிஸ்ஸுக்கு யாசினி" என்று விரல் மடக்கிச் சொல்லிற்று. ழகரம் சுத்தமாக விழுந்தது. பாட்டி அதைக் கெடுத்துவிடவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய், "மேடம், என் பெண்ணின் பெயர் யாழினி" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு அம்மாவைத் திருத்தலாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். பரீட்சை நேரமாம். இன்னும் போகவில்லை.