கென்னின் குதிரையும் பசந்தியின் ஜட்காவும்

பெங்களூர் காக்ஸ் டவுனில் நாலு பேர் சினிமா பேச உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஏதாவது ஒரு கட்டத்தில் குதிரை வந்துவிடும். கன்டோன்மென்ட் வளர்த்த ரசனை அது. பெரியவர்கள் இன்னும் சவுத் பரேடு என்று சொல்லும் எம்.ஜி. ரோட்டில் 1936இலேயே பிளாசா வந்துவிட்டது. பிரிகேட் ரோட்டில் ரெக்ஸ், நடந்துபோகிற தூரத்தில் ஃப்ரேசர் டவுன் எவரெஸ்ட். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் கௌபாய் படம் முழுசாகப் புரிந்தது. அதில் வசனம் குறைவு, வெயில்தான் அதிகம். கிரிகரி பெக்கும் ஓமர் ஷெரீபும் நடித்த ‘மெக்கன்னாஸ் கோல்டு’ (1969) அமெரிக்காவில் பெரிதாக எடுபடவில்லை. இந்தியாவிலோ அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், கூட்டமும் திரும்பத் திரும்ப வந்தது.

இந்த வட்டாரத்து ரசிகர்களிடம் ‘பார்பி’யின் பேரை எடுத்தால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 2023 ஜூலை 21 அன்று ‘ஓப்பன்ஹைமர்’ வந்த அதே நாளில் வந்த படம். உலகம் முழுக்க 140 கோடி டாலருக்கு மேல் வசூலித்து அந்த ஆண்டின் முதலிடத்தைப் பிடித்தது. இந்தியாவில் அணுகுண்டுதான் பொம்மையை முந்தியது. ‘அது படமா, பொம்மைக் கம்பெனியின் 2 மணி நேர விளம்பரம்’ என்பது இவர்களுடைய தீர்ப்பு.

பாதி நியாயம். மேட்டல் கம்பெனிக்குத் தயாரிப்பிலேயே பங்கு உண்டு. படத்துக்குள் தன் நிர்வாகிகளைக் கோமாளிகளாகக் காட்ட விட்டு, அந்தக் கேலியையும் காசாக்கிக்கொண்ட கம்பெனி அது. ஆனால் இதே தராசில் கௌபாயை யாரும் வைப்பதில்லையே! தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டுச் சுட்ட துப்பாக்கி யாரைப் பார்த்து வந்தது? பட்டாசு வந்த சிவகாசியிலிருந்தேதான் கௌபாய்களும் புத்தகமாக வந்தார்கள். 1972இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸும் டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் லக்கி லூக்கையும் தமிழ் பேச வைத்தன. 1948இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸுக்கு இன்றைக்கும் தமிழில் வாசகர்கள் இருக்கிறார்கள். பெண் குழந்தையின் கையில் இருந்தால் பொம்மை, பையன் கையில் இருந்தால் வீரம் என்று பிரித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினையைத்தான் இயக்குநர் கிரெட்டா கெர்விக் ‘பார்பி’யில் போட்டு உடைக்கிறார். பார்பியும் அவள் ஜோடி கென்னும் நிஜ உலகத்துக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மாட்டிக்கொள்வது கௌபாய் உடுப்பு. கண்ணில் படுகிற ஆண்களையும் குதிரைகளையும் பார்த்த கென், ஆண்கள் உலகத்தை ஆள்வதே குதிரையால்தான் போலிருக்கிறது என்று முடிவுகட்டுகிறான். ஊருக்குத் திரும்பி பார்பியின் வீட்டைப் பிடுங்கி, திரும்பிய பக்கமெல்லாம் குதிரைப் படமாக நிரப்புகிறான். கடைசியில் மாட்டிக்கொண்டதும், ஆணாதிக்கம் குதிரை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று தெரிந்தபோதே எனக்கு ஆர்வம் போய்விட்டது என்று ஒப்புக்கொள்கிறான். ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ (1939) தொடங்கி செர்ஜியோ லியோனி வரை கரைத்துக் குடித்தவர்கள்தான் இந்த இடத்தில் மற்றவர்களைவிட உரக்கச் சிரித்திருக்க வேண்டும். அவர்கள்தான் தியேட்டர் பக்கமே போகவில்லை.

தமிழ்ப் படமும் இந்தக் குதிரையில் ஏறித்தான் இருக்கிறது. 1971இல் தெலுங்கில் கிருஷ்ணாவின் ‘மோசகாள்ளகு மோசகாடு’. அடுத்த ஆண்டே தமிழில் எம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’வும் ‘ஜக்கம்மா’வும். தலைப்பு இரண்டுமே பெண் பெயர் என்பது கவனிக்கத்தக்கது. 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தபோது ஊர்களுக்கு ஜெய்சங்கர்புரம், ஷோலேபுரம் என்று பெயர் வைத்துக் கடனைத் தீர்த்தார். ‘பார்பி’ வந்த அதே 2023இல், நவம்பர் மாதம், கிளின்ட் ஈஸ்ட்வுட்டைக் கும்பிடும் ஒரு மதுரை ரவுடியை வைத்து கார்த்திக் சுப்பராஜ் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ கொடுத்தார். பொம்மையும் தமிழுக்குப் புதிதில்லை. எஸ். பாலச்சந்தரின் ‘பொம்மை’ (1964) குண்டு ஒளித்து வைத்த ஒரு பொம்மை கைமாறிக் கைமாறிப் போகிற கதை. படம் முடிந்ததும் அதில் வேலை செய்தவர்களை இயக்குநரே திரையில் ஒவ்வொருவராக அறிமுகம் செய்து வைப்பார். அந்த மரியாதையை அப்புறம் வந்தவர்கள் தொடரவில்லை.

பொம்மையா குதிரையா என்ற சண்டையைத் தீர்த்துக்கொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. மைசூர் ரோடு போதும். சுமார் 50 கிலோமீட்டரில் ராமநகரம். அங்கே ராமதேவர பெட்டாவின் பாறைகளுக்கு நடுவே ஒரு கிராமத்தையே கட்டி எழுப்பித்தான் ரமேஷ் சிப்பி ‘ஷோலே’ எடுத்தார். படப்பிடிப்பு 1973 அக்டோபரில் தொடங்கியது, படம் 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. தாக்கூரின் குடும்பம் சுட்டுக் கொல்லப்படும் காட்சியில் லியோனியின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ அப்படியே தெரியும். தாக்கூர் கொள்ளைக்காரன் கப்பரைக் கொல்வதாக முதலில் எடுத்த முடிவை நெருக்கடி நிலைக்காலத் தணிக்கை மாற்ற வைத்தது. 2025இல் புதுப்பித்த பிரதி இத்தாலியின் போலோன்யாவில் திரையிடப்பட்டபோதுதான் அந்த முதல் முடிவு திரும்பி வந்தது. அந்தப் பாறைகள் இப்போது பாறுக் கழுகுகளின் சரணாலயம். கௌபாய் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாரிசுகள் கிடைக்க மாட்டார்கள்.

ராமநகரத்தைத் தாண்டிய சற்று நேரத்தில் பொம்மை செய்யும் சென்னபட்டணம். நாம் வெட்பாலை என்கிற மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். கடைகளில் பொம்மைகளுக்குப் பக்கத்திலேயே ஆடும் மரக்குதிரை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அங்கே தனித்தனிக் கடை இல்லை. ‘பார்பி’ வந்த 2023ஆம் ஆண்டிலேயே திறந்த புது எக்ஸ்பிரஸ்வே இரண்டு ஊரையும் ஒதுக்கிவிட்டுப் போகிறது. வண்டியை நிறுத்திப் பொம்மை வாங்குகிற கூட்டம் குறைந்துவிட்டது.

‘ஷோலே’யைப் பார்த்தவர்கள் கப்பர் சிங்கையும் ஜெய்–வீருவையும் பேசுவார்கள். படத்தின் கிராமமான ராம்கடில் குதிரையை நம்பிப் பிழைக்கிற ஒரே ஆள் பசந்தி என்பதை யாரும் சொல்வதில்லை. தன்னோ பெண் குதிரையாக இருந்துகொண்டு ஜட்கா இழுக்கும்போது, பெண்ணான நான் ஏன் அதை ஓட்டக் கூடாது என்று முதல் சந்திப்பிலேயே அவள் கேட்டுவிடுகிறாள். ‘பார்பி’க்கு 48 வருஷம் முன்னால், காக்ஸ் டவுனிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், தஞ்சைப் பக்கத்து அம்மன்குடியில் பிறந்த ஹேமமாலினி கேட்ட கேள்வி அது. கப்பரின் ஆட்கள் விரட்டும் காட்சியில் அவருக்குப் பதிலாக வண்டி ஓட்டியவரும் ஒரு பெண்தான்: ரேஷ்மா பட்டான். வண்டி கவிழ்ந்து அடிபட்டவரும் அவரே. அவருடைய வாழ்க்கை ‘தி ஷோலே கேர்ள்’ என்று படமாக வருவதற்கு 2019 ஆயிற்று. லியோனிக்கு ஈஸ்ட்வுட் எப்படியோ, இந்தியக் கௌபாய் படத்துக்கு ரேஷ்மா அப்படி என்பதே இவ்விதழின் கருத்து.

இவ்விதழுக்கு இதுவரை வந்த சினிமாக் கட்டுரைகள் எல்லாம் ஆண்கள் எழுதியவை. எவரெஸ்டிலோ லாவண்யாவிலோ வேறு எந்தக் கொட்டகையிலோ ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, ‘ஷோலே’ பார்த்த காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி, தொட்டிகுண்டா பெண்கள் இனி எழுத வேண்டும். யாரோடு போனீர்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள், குதிரையில் வந்தவனைப் பார்த்து என்ன நினைத்தீர்கள் என்பதெல்லாம் வரட்டும். கையெழுத்தில் அனுப்பினாலும் போதும், தட்டச்சு வேலையை ஆசிரியர் குழு பார்த்துக்கொள்ளும்.