திரையில் கிடைத்த விருதும் வீட்டில் கிடைக்காத மதிப்பும்



படம் பார்ப்பது எங்கள் பெண்களுக்குப் புதிய விடயமல்ல. மின்சாரம் இல்லாத காலத்திலும் ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் பூட்டி, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் பார்த்தவர்கள் நாங்கள். இப்போது கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடுகிறோம். ஆனால் "தேசிய விருது பெற்ற படம்" என்று ஒரு வரி வரும்போது அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. அந்த விருதை யார் கொடுக்கிறார்கள், எப்படிப்பட்ட பெண் பாத்திரத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று யோசித்தால், எங்கள் வாழ்க்கையைப் பற்றியும் சில உண்மைகள் தெரியவரும். இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

எங்கள் நாட்டிலும் திரைப்பட விருதுகள் உண்டு. சரசவிய விருது 1964இல் தொடங்கியது. ஜனாதிபதி விருது 1979இல் வந்தது. எனினும் இங்கே தயாரான தமிழ்ப் படங்கள் மிகச் சில. நாங்கள் பார்த்து அழுததும் சிரித்ததும் தமிழ்நாட்டுப் படங்களைத்தான். ஆகவே இந்திய தேசிய விருதுகளின் கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியா சுதந்திரம் பெற்று ஏழு ஆண்டுகளின் பின், 1954இல் இந்த விருது தொடங்கியது. 1953ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முதலாக விருது வழங்கப்பட்டபோது, சிறந்த படத்துக்கான ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது 'ஷியாம்ச்சி ஆய்' என்ற மராத்திப் படம். அந்தப் பெயரின் பொருள் 'ஷியாமின் அம்மா'. வறுமையிலும் மகனை நேர்மையாக வளர்த்த ஒரு தாயின் கதை அது. ஓர் அரசு முதன்முதலாகப் பாராட்ட எடுத்த கதை ஒரு தாயின் கதை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மொழிவாரியாகவும் பதக்கம் கொடுத்தார்கள். தமிழில் முதலில் அதைப் பெற்றது எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்'.

அந்த நாட்களில் பதக்கம் படத்துக்கு மட்டுமே. நடித்தவருக்கென்று தனி விருது இருக்கவில்லை. 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலிருந்துதான் சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்று பெயர் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் நடிகை விருது நர்கிஸுக்குக் கிடைத்தது. இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஆணுக்குக் கொடுத்த விருதின் பெயர் 'பாரத்'. அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு நாடே நினைவுக்கு வரும். பெண்ணுக்குக் கொடுத்த விருதின் பெயர் 'ஊர்வசி'. அவள் இந்திரசபையில் ஆடியவள். ஒரே மேடையில், ஒரே திறமைக்கு, ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு வேறொரு பெயர். பால்நிலை வேறுபாடு என்று நாங்கள் கருத்தரங்குகளில் பேசுவது இதைத்தான். பிற்காலத்தில் அந்தப் பெயர்கள் கைவிடப்பட்டன.

பின்னணிப் பாடகிக்கான விருது அடுத்த ஆண்டு வந்தது. 'உயர்ந்த மனிதன்' படத்தில் பாடியதற்காக பி. சுசீலா அதை முதலில் பெற்றார். திரைக்குப் பின்னால் நின்று பாடிய ஒரு பெண்ணின் குரலுக்குப் பெயர் கிடைத்தது அப்போதுதான். பல ஆண்டுகளின் பின், பெண் சிசுக்கொலையைப் பேசிய 'கருத்தம்மா' (1994) படத்தில் பாடிய ஸ்வர்ணலதாவுக்கும் இந்த விருது கிடைத்தது.

இனி சிறந்த நடிகை விருதுக்கு வருவோம். தமிழ்ப் படத்தில் நடித்து இதை முதலில் பெற்றவர் லட்சுமி. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்காக, 1976ஆம் ஆண்டுக்கான விருது. அதன்பின் ஷோபா ('பசி', 1979), சுகாசினி ('சிந்து பைரவி', 1985), அர்ச்சனா ('வீடு', 1987), பிரியாமணி ('பருத்திவீரன்', 2006), சரண்யா பொன்வண்ணன் ('தென்மேற்குப் பருவக்காற்று', 2010), அபர்ணா பாலமுரளி ('சூரரைப் போற்று', 2020), நித்யா மேனன் ('திருச்சிற்றம்பலம்', 2022) ஆகியோர் பெற்றார்கள். மொத்தம் எட்டுப் பேர். 1987க்கும் 2006க்கும் இடையில் 19 ஆண்டுகள் தமிழ்ப் படம் ஒன்றில் நடித்த எந்தப் பெண்ணுக்கும் இது கிடைக்கவில்லை.

இந்தப் பெண்கள் நடித்த பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். லட்சுமி நடித்த கங்கா, மழை நாளொன்றில் ஒருவனால் கெடுக்கப்பட்டு, அந்தக் குற்றத்தையும் தானே சுமந்து வாழ்கிறாள். ஷோபா நடித்த குப்பம்மா, குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவள், நம்பியவனால் ஏமாற்றப்படுகிறாள். சிந்து, தான் பெற்ற பிள்ளையை இன்னொருத்தியின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். 'பருத்திவீரன்' முத்தழகு வீட்டிலும் அடிபட்டு, கடைசியில் ஆண்களின் வெறிக்குப் பலியாகிறாள். சரண்யா நடித்த வீராயி, கணவனில்லாமல் தோட்டத்தில் உழைத்து மகனை வளர்த்தவள். அவளும் வெட்டுப்பட்டுச் சாகிறாள்.

எல்லோரும் அருமையாக நடித்தார்கள். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஷோபா 'பசி'யில் நடித்தபோது அவருக்கு 18 வயதுகூட நிறையவில்லை. 1980 மே 1இல், 17 வயதிலேயே அவர் இறந்துபோனார். ஆனால் சமூகவியல் படித்தவள் என்ற வகையில் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. பெண் தாங்கிக்கொள்ளும்போது கைதட்டும் சமூகம், அவள் ஏன் தாங்கவேண்டி வந்தது என்று கேட்கிறதா?

இந்தக் கேள்விக்கு மிக அருகில் போன படம் 'வீடு'. இதை எடுத்த பாலுமகேந்திரா எங்கள் நாட்டில், மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர், 2014இல் காலமானார். தன் சிறுவயதில் தாயார் வீடு கட்டப் பட்ட பாட்டையும், அது தாயின் குணத்தையே மாற்றியதையும் நினைத்தே அவர் இந்தப் படத்தை எடுத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதும் 'வீடு'க்கே கிடைத்தது.

கதை மிக எளிமையானது. சுதா என்ற வேலைக்குப் போகும் பெண், தங்கையோடும் வயதான தாத்தாவோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்காரர் எழும்பச் சொல்கிறார். தாத்தாவுக்கு இருந்த இரண்டு துண்டு நிலத்தில் ஒன்றை விற்று, மற்றதில் வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன் எடுக்கிறாள். பொறுப்பெடுத்த ஒப்பந்தக்காரர் சீமெந்தைக் களவாக விற்கிறார். அதைச் சுதாவுக்குச் சொல்கிறவள் மங்கம்மா என்ற கூலிப்பெண். அரைகுறை வீட்டைப் பார்த்துவிட்டுத் தாத்தா இறந்துபோகிறார். கடைசியில், அந்த நிலம் ஏற்கனவே குடிநீர்த் திட்டத்துக்கு எடுக்கப்பட்டது என்று அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். வீடு முடியாமலே படம் முடிகிறது.

வன்னிப் பெண்களுக்கு இந்தக் கதையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2009க்குப் பின் மீள்குடியேறியவர்கள் தறப்பாளிலிருந்து தகரத்துக்கும், தகரத்திலிருந்து கல்வீட்டுக்கும் வந்த பாதை எங்களுக்குத் தெரியும். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டம் கட்டமாக வந்தது. அத்திவாரம் போட்டால்தான் அடுத்த கட்டக் காசு. ஆண் துணை இல்லாத வீட்டில் மேசனைத் தேடுவதும், மணல் ஏற்றுவதும், காசு கணக்குப் பார்ப்பதும் ஒரே பெண்ணின் தலையில் விழுந்தன. காசு போதாமல் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்தவர்கள் எத்தனை பேர்!

கிராமம் ஒன்றில் மாதர் சங்கத்துப் பெண்களுடன் 'வீடு' படத்தைச் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் ஓர் அக்கா சொன்னார்: "தங்கச்சி, அந்தப் பிள்ளைக்குச் சீமெந்துதானே களவு போனது. எனக்கு மேசன் காசோட போட்டான். பிறகு நானே கல் அரிஞ்சு, நானே மண் குழைச்சு அத்திவாரம் போட்டனான். எனக்கு ஆர் விருது தாறது?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அது சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வி அல்ல.

எங்கள் ஊர்ப் பெயரோடே ஒரு படம் தேசிய விருது பெற்றதும் உங்களில் பலருக்குத் தெரியும். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பெப்ரவரியில் வெளிவந்தது. போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே மாதம்தான். இராமேஸ்வரம் முகாமில் பிள்ளையைப் பெற்றுவிட்டு நாடு திரும்பிய தாயைத் தேடி, தத்துப் பிள்ளையாக வளர்ந்த அமுதா என்ற சிறுமி மாங்குளத்துக்கு வருகிறாள். நாங்கள் ஏ-9 வீதியில் தினமும் கடந்து போகிற அதே மாங்குளம். படத்துக்கு ஆறு தேசிய விருதுகள் கிடைத்தன. சிறந்த தமிழ்ப் படம், இசை, பாடல் வரிகள், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றோடு அமுதாவாக நடித்த சிறுமி கீர்த்தனாவுக்குக் குழந்தை நட்சத்திர விருது. தாயாக நடித்த நந்திதா தாஸின் பெயர் அந்த ஆறில் இல்லை.

அந்தப் படத்தில் பிள்ளை தாயைத் தேடியது. எங்கள் ஊரில் தாய்மார் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். 2017இன் முற்பகுதியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் பந்தல் போட்டு, படங்களைக் கையில் ஏந்தி உட்கார்ந்த தாய்மாரை நாங்கள் அறிவோம். பதில் கேட்டுக் கேட்டே கண்மூடியவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகை விருதை ராணி முகர்ஜி பெற்றார். பிள்ளைகளைத் தன்னிடமிருந்து பிரித்தெடுத்த அந்நிய நாட்டு அரசோடு போராடும் தாயின் பாத்திரம் அது. 1953இன் படத்திலும் தாய். 2023இன் படத்திலும் தாய். திரையில் தாயின் கண்ணீருக்கு எப்போதும் மதிப்பு உண்டு. வீதியில் இருக்கும் தாய்க்கு வேண்டியது பாராட்டு அல்ல, பதில்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். மகளிர் தினம் வந்தால் எங்கள் பெண்களையும் மேடைக்கு அழைக்கிறார்கள். பொன்னாடை போர்த்தி, "எவ்வளவு துன்பத்தையும் தாங்கிய பெண்" என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். அது பிழை என்று சொல்லமாட்டேன். ஒரு நாளாவது பெயர் சொல்லி அழைக்கப்படுவது மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் 'தாங்குகிறாள்' என்ற புகழ்ச்சி, 'இன்னும் தாங்கட்டும்' என்று மாறிவிடக்கூடாது. தாங்கியதற்குப் பரிசு கொடுப்பவர்கள், பாரத்தைக் குறைக்க என்ன செய்தார்கள் என்றும் நாங்கள் கேட்கலாம்.

நல்ல வேளையாக விருது வரிசையிலேயே ஒரு மாற்றம் தெரிகிறது. 'சூரரைப் போற்று' படத்தின் பொம்மி சொந்தமாக பேக்கரி நடத்துகிறவள். தன் தொழிலை விடாமல், தன் நிபந்தனையைச் சொல்லிக் கல்யாணம் செய்கிறாள். கணவன் கையில் காசில்லாதபோது அவளுடைய உழைப்பு வீட்டைத் தாங்குகிறது. அவள் அழுவதற்காக எழுதப்பட்ட பாத்திரம் அல்ல. அந்தப் படத்தை இயக்கியவர் சுதா கொங்கரா என்ற பெண். திரைக்கதைக்கான விருதை அவரும் ஷாலினி உஷா நாயரும் பெற்றார்கள். அந்த ஆண்டு முழு இந்தியாவிலும் சிறந்த படமும் அதுவே. தமிழில் அதற்கு முன் அந்த இடத்தைப் பிடித்தவை 'மறுபக்கம்' (1990), 'காஞ்சிவரம்' (2007) ஆகிய இரண்டும்தான். பெண்கள் கதையை எழுதும் இடத்துக்கு வந்தபோது, பெண்ணின் உழைப்பும் கதைக்குள் வந்தது.

சகோதரிகளே, எங்களுக்குத் தங்கப் பதக்கம் வரப்போவதில்லை. ஆனால் எங்கள் உழைப்புக்கு எங்கள் பெயர் வரலாம். நீங்கள் கட்டிய வீடு நிற்கும் காணியின் அனுமதிப்பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். அரச காணியின் வாரிசுரிமையில் ஆண் பிள்ளைக்கு முன்னிடம் கொடுத்த பழைய விதி 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. கணவர் இறந்தோ காணாமல் போயோ இருந்தால், பிரதேச செயலகத்தில் காணிப் பகுதிக்குப் போய், பெயர் மாற்றத்துக்கு என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் சங்கத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கோழி வளர்ப்போ, தையலோ, மா இடித்து விற்பதோ, அதன் வரவு செலவை உங்கள் பெயரில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த அத்திவாரத்தை யார் போட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அந்த அக்காவுக்கு அன்று நான் கொடுத்த பதிலும் இதுதான். அவருடைய காணியின் பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை அடுத்த கிழமையே சேர்ந்து நிரப்பினோம். விண்ணப்பகாரரின் பெயர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரை அவர் தன் கையாலேயே எழுதினார்.