இறங்குதலும் ஒரு கலை

மலை ஏறுவதே அரிது, இறங்குவது எளிது என்று பலரும் கருதுவர். அலிபிரி வழியாகத் திருமலைக்கு 3,550 படிகளை ஏறி, அவ்வழியே இறங்கியவர் அவ்வாறு கூறமாட்டார். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் நடுங்கும். மிதிவண்டியில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. ஏறுகையில் கால் ஓய்ந்தால் வண்டி நின்றுவிடும். இறங்குகையில் கவனம் ஓய்ந்தாலும் வண்டி நிற்பதில்லை.

மலைச்சரிவில் மிதிவண்டி ஓட்டும் விளையாட்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வளர்ந்தது. 1976 அக்டோபர் 21 அன்று, மரின் வட்டாரத்து இளைஞர்கள் பழைய மிதிவண்டிகளில் செங்குத்தான மண்பாதை ஒன்றில் பந்தயமாக இறங்கினர். ஓயாது அழுத்தியதால் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளிருந்த மசகு புகைந்து தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக நிரப்ப வேண்டியிருந்தது. அதனால் அப்பந்தயத்துக்கு ‘மீண்டும் நிரப்புதல்’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்னும் பெயரே நிலைத்தது. வேகத்துக்கு உரிய விளையாட்டு, பிரேக்கினால் பெயர் பெற்றது கருதத்தக்கது.

தேர்ந்தவர்க்குரிய தடங்களில் பாறைப் படிகளும் வேர்களும் குறுகிய வளைவுகளும் இருக்கும். அங்கு ஓட்டுபவர் இருக்கையில் அமர்வதில்லை. மிதிகட்டைகளைச் சமமாக வைத்து எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தாழ்த்துவார். அவர் பார்வை முன்சக்கரத்தின் அடியில் நில்லாது, செல்லவேண்டிய வழியில் நிற்கும். வளைவுக்குள் நுழையும் முன்னரே வேகத்தைக் குறைப்பார். வேகம் இருமடங்கானால், நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதை அவர் அறிவார். முன் பிரேக்கைத் திடீரென இறுக்கினால் ஓட்டுபவர் தூக்கி எறியப்படலாம். பின் பிரேக்கை முழுதும் இறுக்கினால் சக்கரம் உருளாமல் இழுபட்டு மண்ணைக் கீறும். அக்கீறலில் மழைநீர் ஓடி நிலத்தை அரிக்கும். எனவே, தேர்ச்சியற்ற ஓட்டம் ஓட்டுபவரோடு மலையையும் காயப்படுத்துகிறது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சிறுவர்க்கு மலை கண்ணெதிரே நிற்கிறது. சரிவைக் கண்டால் இறங்கிப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பே. ‘கைகால் முறியும், வேண்டா’ என்பர் பெற்றோர். ‘மலை அனைவர்க்கும் பொது, எங்கும் இறங்கலாம்’ என்பர் இளையோர். இரண்டும் முழுமையான விடையல்ல.

தடுத்தால் ஆவல் அடங்காது. தேய்ந்த பிரேக்குடன், தலைக்கவசமின்றி, பெற்றோர் அறியாமல் பேருந்துகள் ஓடும் சாலைக்கு அது சென்றுவிடும். திருமலையில் 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைச்சாலை இன்று வாகனங்கள் இறங்குவதற்கு உரியது. அதன் கொண்டை ஊசி வளைவுகள் விளையாட்டுக் களமல்ல.

எங்கும் இறங்கலாம் என்பதும் பொருந்தாது. சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரம் அங்கு வளர்கிறது. பாறை இடுக்கில் வாழும் பொன்னிறப் பல்லிக்கும், இரவில் உலவும் தேவாங்குக்கும் அதுவே வீடு. அவ்வீட்டின் நடுவே புதுத்தடம் வெட்டுவது முறையன்று.

காப்பகத்துக்கு வெளியே, வனத்துறை இசையும் சரிவு ஒன்றில், தரம் பிரித்த தடங்கள் அமைப்பதே தக்க வழி. பல நாடுகளில் பச்சை வட்டம் எளிய தடத்தையும், நீலச் சதுரம் நடுத்தரத் தடத்தையும், கறுப்புச் சாய்சதுரம் கடினமான தடத்தையும் குறிக்கின்றன. பச்சையில் நிறுத்தக் கற்றவரே நீலத்துக்கும், நீலத்தில் தேர்ந்தவரே கறுப்புக்கும் செல்லவேண்டும். பயிற்றுநரும் தலைக்கவசமும் அங்கு கட்டாயமாக வேண்டும்.

அத்தகைய தடம் அமையுமானால், பிள்ளைகளுக்குப் பயிற்சியும் மலைக்குக் காவலும் ஒருங்கே கிடைக்கும். நிறுத்தத் தெரிந்தவருக்கே விரைந்து இறங்கும் உரிமை உண்டு.